ஒரே ஆர்டரை ஐந்து இடத்தில் எழுதிக்கொண்டிருந்தோம்

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் குடும்பம் முறுக்கு, தட்டை, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறது. மாட்டுங்கா, செம்பூர், சயான் கோலிவாடா, முலுண்டு வரை சரக்கு போகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் நெல்லைப் பக்கத்து அண்ணாச்சிகள், மீதி மராத்தி, குஜராத்திக் கடைக்காரர்கள். தொழிலைத் தொடங்கியவர் என் மாமனார். ஆர்டரும் கணக்கும் இப்போது என் பொறுப்பு. ஏற்கெனவே இருக்கிற செயலிகளை வைத்தே இந்த வேலையை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம் என்பதை எழுதுகிறேன். சின்னத் தொழில் செய்கிற யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

எங்களுக்கென்றே தனியாக சாஃப்ட்வேர் செய்து தருவதாக ஒருவர் வந்து பேசினார். "என்னென்ன ரிப்போர்ட் வேண்டும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு ரிப்போர்ட்டை விட, வேலை எங்கே தேங்குகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. அதனால் அவரிடம் பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, செம்பூர் கடை ஒன்றின் ஆர்டரை எடுத்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் கூடவே போய்ப் பார்த்தேன்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும்: "தேன்குழல் அஞ்சு கிலோ, கார மிக்சர் பத்து, போன தடவை தந்த தட்டை நல்லா ஓடுது, அதுலயும் ரெண்டு சேத்துக்கோங்க." மாமா அதைக் கேட்டு நீள நோட்டில் எழுதுவார். காலையில் அதைப் பார்த்துத் துண்டுச்சீட்டு எழுதி பேக்கிங் மேசைக்குக் கொடுப்போம். சரக்கு கட்டியதும் கார்பன் வைத்த பில் புக்கில் பில். அப்புறம் கடன் நோட்டில் பற்று. மாதக் கடைசியில் பில் கட்டு மொத்தமும் கணக்காளரிடம் போய் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏறும். ஆக, அந்த ஐந்து கிலோ தேன்குழல் ஐந்து இடத்தில் எழுதப்படுகிறது. "கார மிக்சர் பத்து" என்பது பத்துக் கிலோவா, பத்துப் பாக்கெட்டா என்ற கேள்வி இரண்டாவது இடத்திலேயே வந்துவிடும். தேட வேண்டியது, எல்லாம் செய்யும் ஒரு பெரிய சாஃப்ட்வேரை அல்ல, இந்த ஐந்தைக் குறைக்கும் வழியைத்தான் என்பது அப்போது தெளிவாகிவிட்டது.

கூகுள் ஃபார்ம் அனுப்பிக் கடைக்காரர்களையே நிரப்பச் சொல்லலாம் என்று என் கணவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஒரு கையில் சில்லறை எண்ணிக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்துப் பேசுகிற அண்ணாச்சி ஃபார்ம் நிரப்ப மாட்டார். நம் வசதிக்காக வாங்குகிறவரின் பழக்கத்தை மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகவும் படவில்லை. அவர் பேசட்டும், எழுதுவது நம் வேலை.

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம்தான். எண்ணை மாற்றாமலே அதற்கு மாறிவிட்டோம். ஒரு போனோடு இன்னும் நான்கு சாதனங்களை இணைக்கலாம் என்பதால் மாமாவின் போனுக்கு வரும் ஆர்டர் பேக்கிங் மேசையில் இருக்கும் பழைய டேப்லெட்டிலும் தெரிகிறது. ஒவ்வொரு கடையின் உரையாடலிலும் லேபிள் போட்டுவிடலாம்: புது ஆர்டர், கட்டியாச்சு, பணம் பாக்கி. எனக்கு அதிகம் கைகொடுப்பது குவிக் ரிப்ளை. சாய்கோடு (/) போட்டுச் சின்னதாக ஒரு சொல்லைத் தட்டினால் "கிலோவா, 200 கிராம் பாக்கெட்டா?" என்ற கேள்வி முழுசாக வந்துவிடும். மராத்திக் கடைகளுக்கு அதே கேள்வியை இந்தியில் தனியாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது கூகுள் ஷீட்ஸ். என்னைக் கேட்டால், சின்னத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. வரிசைக்கு ஒரு கடை, பத்திக்கு ஒரு பலகாரம், கட்டத்தில் அளவு. தலைப்பில் பலகாரத்தின் பெயர் தமிழிலும் இந்தியிலும் இருக்கிறது, ஏனென்றால் பேக்கிங்கில் இருக்கும் இரண்டு பேருக்குத் தமிழ் படிக்க வராது. கடைப் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டாமல் டிராப்டவுனில் தேர்ந்தெடுக்கிறோம். இதனால் ஒரே கடை இரண்டு எழுத்துக்கூட்டில் இரண்டு கடையாக ஆகிவிடுவதில்லை. கீழே ஒரு கூட்டல் சூத்திரம். ராத்திரி பதினொரு மணிக்குள் நாளைக்குத் தேன்குழல் எத்தனை கிலோ பிழிய வேண்டும் என்று அடுப்படிக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் இந்தக் கணக்கு மாமாவின் மனதில்தான் இருக்கும். அவர் ஊருக்குப் போனால் யாருக்கும் தெரியாது. யாராவது எண்ணை மாற்றிவிட்டாலும் வெர்ஷன் ஹிஸ்டரியில் யார், எப்போது மாற்றினார்கள் என்று பார்த்துப் பழையதை மீட்டுக்கொள்ளலாம். விலை இருக்கும் பத்தியை மட்டும் வேறு யாரும் தொடாதபடி பூட்டிவைத்திருக்கிறேன்.

பில் போடுவதற்கு வியாபார், ஜோஹோ இன்வாய்ஸ் என்ற செயலிகளையும் டேலியையும் பார்த்தேன். டேலி கணக்கில் பலமானது, ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பழகிய ஆள் வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது போனிலேயே பில் போடுவது, சந்துக்குள் நெட் போனாலும் நிற்காமல் ஓடுவது, நம் தரவை எப்போது வேண்டுமானாலும் எக்செல்லில் வெளியே எடுக்க முடிவது. அதனால் வியாபார் செயலியைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியில் சொன்னதைப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்து பாருங்கள். தரவை வெளியே எடுக்க விடாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பலகாரப் பட்டியலைச் செயலியில் ஏற்றும்போது ஜிஎஸ்டிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அப்போது லேபிள் ஒட்டிய பாக்கெட் நம்கீனுக்கு (மிக்சர் போன்ற காரப் பலகாரங்களுக்கு) 12 சதவீதம், உதிரியாகக் கொடுத்தால் 5 சதவீதம். ஒரே மிக்சருக்கு இரண்டு வரி என்பதால் இரண்டு உருப்படியாகப் பதிந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டுக்கும் 5 சதவீதம் ஆனது. அன்றைக்கு உருப்படிகளின் வரி விகிதத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது. அதன் பிறகு போட்ட பில்லெல்லாம் தானாகவே புது விகிதத்தில் வந்தன. கார்பன் பில் புக்காக இருந்திருந்தால் ஒவ்வொரு பில்லிலும் யாராவது நினைவு வைத்துப் போட வேண்டும்.

பில் அடிக்கும் சின்னத் தெர்மல் பிரிண்டரில் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. இது பலருக்கும் நடக்கும், பிரிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வகைப் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது. எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும்படி அமைப்பை மாற்றினால் போதும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும், ஆனால் "தேன்குழல்" தேன்குழலாகவே வரும்.

பில்லின் அடியிலேயே அந்தத் தொகைக்கான யுபிஐ க்யூஆர் அச்சாகிறது. பணம் கடைக்காரரின் மகன் கணக்கிலிருந்தோ மனைவி கணக்கிலிருந்தோ வந்தாலும், தொகையையும் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் வைத்து எந்தப் பில்லுக்கு வந்தது என்று பிடித்துவிடலாம்.

பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பும் வசதியும் இருக்கிறது. நான் அதைப் போட்டுக் காட்டியதும் மாமா தலையை ஆட்டினார். "ஊர்க்காரனுக்கு மெசின் கடன் கேக்கக் கூடாதும்மா." அவர் சொன்னது நியாயம். அண்ணாச்சிகளோடு இருப்பது வெறும் கணக்கு வழக்கு மட்டும் அல்ல. அந்த வசதியை நிறுத்திவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாக்கி விவரத்தை அச்சடித்து, சரக்கோடு கையில் கொடுத்துவிடுகிறோம். மாமா வாரத்தில் ஒரு நாள் போனில் பேசுகிறார். பேசும்போது எந்தப் பில், எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் அவர் கண் முன்னாலேயே இருக்கிறது. பணம் வருவது நன்றாகச் சீர்பட்டிருக்கிறது.

கணக்காளருக்கு இப்போது பில் கட்டு போவதில்லை. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையில் இருக்கிறோம். காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டர்ன் போக வேண்டும். செயலியிலிருந்து எடுத்த கோப்பை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுகிறேன்.

ஆக, ஐந்து இடம் இரண்டாகியிருக்கிறது: ஷீட்டில் ஒருமுறை, பில்லில் ஒருமுறை. ஷீட்டிலிருந்து நேராகப் பில் விழும்படியும் செய்யலாம், ஆனால் கட்டும்போது அரைக் கிலோ கூடக்குறைய ஆவதால் பில்லை எடைக்குப் பிறகே போடுகிறோம். இன்னும் தீராதது திரும்பி வரும் உடைந்த பாக்கெட்டுகள். டெலிவரிக்குப் போகும் தம்பி கடையிலேயே படம் எடுத்து அனுப்புகிறான், நான் சாயந்திரம் அதைப் பார்த்துக் கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் கடையின் பாக்கியில் கழிக்கும் சீட்டு) போடுகிறேன். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் அவன் போனிலேயே அதைப் போடும்படி பழக்கிவிட வேண்டும்.