15 வாட் டியூப் ஆம்ப், செம்பூர் ஃபிளாட், ஒரு லோட் பாக்ஸ்

மும்பை செம்பூரில் ஒரு ஃபிளாட்டில், என் 15 வாட் டியூப் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ராத்திரியில் அக்கம்பக்கம் எழாமல் வாசிக்க வழி தேடிய கதை இது. 15 வாட் என்றால் கேட்பதற்குச் சின்ன ஆம்ப் போலத்தான் இருக்கும். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்களின் சங்கதி வேறு. செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 98 டெசிபல். அவர்களுடைய விண்டேஜ் 30 ஸ்பீக்கர் என்றால் 100. 15 வாட்டும் உள்ளே போனால் இன்னும் கிட்டத்தட்ட 12 டெசிபல் கூடும். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. வேலை முடிந்து, சாப்பிட்டு, நான் கிட்டாரைக் கையில் எடுப்பதே 10 மணிக்குத்தான். கீழ் வீட்டு மாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மாடிப்படியில் பார்க்கும்போது "நேத்திக்குப் புதுப் பாட்டா?" என்று கேட்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வால்யூமைக் குறைத்து வாசிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். என்னுடைய ஆம்பில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்களாக இரண்டு இஎல்84 வெற்றிடக் குழாய்கள். வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுத் திருத்திக்கொள்ளும் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது. பழைய வாக்ஸ் ஏசி30 ஆம்பின் பரம்பரை. அந்த வகைக்கு அழகே, பவர் டியூப்கள் திணற ஆரம்பிக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வால்யூமை இரண்டுக்குக் கீழே வைத்து வாசித்தால் அது வெறும் கனமான பெட்டி.

முதலில் மனதில் வந்தது அட்டென்யுவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று பவரைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி. கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. 20 டெசிபல் குறைப்பது என்றால் நூறில் ஒரு பங்கு பவர். 15 வாட் 0.15 வாட் ஆகிவிடும். ஆனாலும் அதே ஸ்பீக்கரில் 90 டெசிபல் வரும்! ராத்திரி 10 மணிக்கு அது நடக்காது. இன்னும் 20 டெசிபல் குறைத்தால் அக்கம்பக்கத்துக்கு நிம்மதிதான், வாசிப்பவனுக்குத்தான் சப்பென்று இருக்கும். ஒலி குறையக் குறைய நம் காது அடி ஸ்தாயியையும் உச்ச ஸ்தாயியையும் முதலில் கைவிட்டுவிடுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைந்து காட்டிய வளைகோடு அது. எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்த வளைகோட்டை ஏமாற்ற முடியாது.

ஆகவே ஸ்பீக்கரையே கழற்றிவிட்டு ஹெட்போனில் கேட்பது என்று முடிவு. இங்கேதான் லோட் பாக்ஸ் தேவைப்படுகிறது: ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் சுமையாக நின்று, ஆம்பின் பவரைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் பெட்டி. டிரான்சிஸ்டர் ஆம்பில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. டியூப் ஆம்ப் நேர் எதிர். டியூப்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் சுமை எதையும் மாட்டாமல் வாசித்தால், சக்தி போக வழியில்லாமல் டியூப்கள் இருக்கும் பிரைமரி பக்கம் வோல்டேஜ் எகிறும். டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஓட்டையாகும். ஆம்பிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று அந்த டிரான்ஸ்ஃபார்மர்.

சந்தையில் இருப்பவற்றைப் பார்த்தேன். டூ நோட்ஸ் டார்பீடோ கேப்டர்: 100 வாட் வரை தாங்கும், ஸ்பீக்கருக்கு 20 டெசிபல் குறைத்துத் தரும், ரெக்கார்டிங் கருவிக்கு நேரடியாகச் சிக்னல் தரும் ஒரு டிஐ அவுட்டும் உண்டு. 4, 8, 16 ஓம் என்று தனித்தனியாக விற்கிறார்கள், ஆம்புக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும். சூர் ரியாக்டிவ் லோட் 8 ஓம், வெறும் லோட், ரெக்கார்டிங்குக்குச் சிக்னல் எடுக்க ஒரு லைன் அவுட், வேறு சங்கதி இல்லை. எனக்குப் பிடித்த வகை அதுதான். 2017-இல் வந்த யூனிவர்சல் ஆடியோ ஆக்ஸ், கேபினட் என்ற ஸ்பீக்கர் பெட்டியையும் அதன் முன் வைக்கும் மைக்கையும் தனக்குள்ளேயே பாவனை செய்துகொண்டு கம்ப்யூட்டர் இல்லாமல் ஹெட்போனில் வாசிக்க விடும். ஃப்ரையெட் பவர் ஸ்டேஷன் இன்னும் ஒரு படி மேலே: லோடில் பவரைத் தின்றுவிட்டு, தன் சொந்த 50 வாட் டியூப் ஆம்பில் திரும்ப வேண்டிய அளவுக்கு ஏற்றித் தரும். மேடையில் வாசிப்பவர்களுக்குச் சரி. எதுவானாலும் கடல் தாண்டி வரும்போது சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து விலை வேறு முகம் காட்டுகிறது.

மாட்டுங்காவில் இருக்கும் நண்பரிடம் ஒரு கேப்டர் உண்டு. சனிக்கிழமை ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் அதில் மாட்டி வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்ற அரிப்பு வந்தது.

விஷயம் இதுதான். ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருக்கிறதே தவிர, எல்லா அலைவரிசையிலும் அது 8 ஓம் இல்லை. என் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 6.7 ஓம்தான் காட்டும். வாசிக்கும்போது, கூம்பு இயல்பாக அதிரும் 90 ஹெர்ட்ஸ் சுற்றில் அது 40-ஐத் தாண்டும், 400 ஹெர்ட்ஸ் பக்கம் 8-க்கு இறங்கும், பிறகு கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் (கரண்ட் வேகமாக மாறுவதை எதிர்க்கும் காயிலின் குணம்) மெல்ல மேலேறி 5 கிலோஹெர்ட்ஸில் 20-ஐத் தாண்டிவிடும். ஃபீட்பேக் இல்லாத டியூப் ஆம்ப் இந்த மேடு பள்ளத்துக்கு அப்படியே வளைந்துகொடுக்கும். மின்தடை ஏறும் இடத்தில் வோல்டேஜும் ஏறும். அடி ஸ்தாயியின் அந்த 'தம்'மும் பிக் படும் சத்தத்தின் கூர்மையும் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. சுமையாக வெறும் ரெசிஸ்டரை மாட்டினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தட்டையான 8 ஓம். மலிவு விலை லோட் பாக்ஸ்கள் பலவற்றில் உள்ளே இருப்பது அவ்வளவுதான்.

வித்தியாசத்தைக் காதால் கேட்க, லேமிங்டன் ரோட்டில் அலுமினியக் கூடு போட்ட 100 வாட் ரெசிஸ்டர் வாங்கி ஹீட்சிங்கில் திருகி வாசித்தேன். கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான், எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு கடையில் இருக்கும். ஹீட்சிங் இல்லாமல் அந்த ரெசிஸ்டரின் மேல் எழுதியிருக்கும் வாட்டை நம்பக் கூடாது, பாதிகூடத் தாங்காது. 15 வாட் ஆம்பும் முழுக்கத் திருகினால் 15-ஓடு நிற்காது, அலை சதுரமாகும்போது 25 வரை கூடப் போகும். ஆகவே தாராளமாகப் போட வேண்டும். வாசிப்பில் பழுதில்லை, ஆனால் விரலுக்குக் கீழே ஏதோ விறைப்பு. ஈ (E) தந்தியைத் தட்டினால் கனம் இல்லை. ஃபீட்பேக் அதிகமுள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது, அவர்கள் ரெசிஸ்டரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு மேடு பள்ளம் வேண்டியிருந்தது. சர்க்யூட் பெரிய ரகசியமில்லை. அடிப்படைக்கு 6.8 ஓம். அதோடு தொடராக, 12 மில்லிஹென்றி (இண்டக்டன்ஸின் அளவு) காயிலும் கபாசிட்டரும் 22 ஓமும் பக்கவாட்டில் சேர்ந்த ஒரு கூட்டணி; அடி ஸ்தாயி மேடு அதிலிருந்து வரும். அதற்கடுத்து 1 மில்லிஹென்றி காயிலும் இன்னொரு 22 ஓமும். உச்ச ஸ்தாயி ஏற்றம் அதிலிருந்து. கபாசிட்டருக்கு 470 மைக்ரோஃபேரட் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து 235 ஆக்கினேன். கணக்குப்படி மேடு 95 ஹெர்ட்ஸில் விழும்.

காயில்தான் கடையில் கிடைக்காதது. தாராவியில் மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சி ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"எத்தன வோல்ட்டு தம்பி?"

"வோல்ட்டு கெடையாது அண்ணாச்சி. 12 மில்லிஹென்றி வேணும். 2 ஆம்பியர் தாங்கணும்."

"அப்ப சோக்குன்னுல்லா சொல்லணும்."

காயிலை அளக்க நான் கொண்டுபோன எல்சிஆர் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேச்சே இல்லை. 18-ஆம் கேஜ் எனாமல் கம்பியை பாபினில் சுற்றி, ஸ்டாம்பிங் என்ற இரும்புத் தகடுகளை அடுக்கி, இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு துண்டு லெதராய்ட் இன்சுலேஷன் பேப்பர் வைத்து அழுத்தினார். மீட்டர் 15-க்கு மேல் காட்டியது. இன்னொரு துண்டு வைத்தார், 13. மெல்லிய துண்டு ஒன்றை நகத்தால் கிழித்துச் செருகினார், 12.1. "போதுமா?" என்று கேட்டுவிட்டு கிளாம்பை முடுக்கினார். அந்தப் பேப்பர் இடைவெளிதான் கரண்ட் ஏறும்போது இரும்பு திகட்டிப்போகாமல் காப்பது. காயில் எதற்கென்று நான் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. 1 மில்லிஹென்றி காயிலில் இரும்பே இல்லை. கொஞ்சம் கூடுதலாகவே சுற்றிவிட்டு, மீட்டரைப் பார்த்தபடி ஒவ்வொரு சுற்றாக உரித்து நிறுத்தினார். செம்புக்கு எடை போட்டுக் காசு, கூலி தனி. கிளம்பும்போது, "வார்னிஷ்ல முக்கி வெயில்ல வச்சிருங்க, இல்லன்னா கத்தும்" என்றார்.

நிஜமாகவே கத்தியது. வார்னிஷுக்கு முன்னால் ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றினால் மேஜை மேல் இருந்த காயில் நான் வாசித்ததைத் தானும் மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தது. வார்னிஷ் காய்ந்த பிறகு முக்கால்வாசி அடங்கிவிட்டது.

லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் வைத்துப் பெட்டியின் மின்தடையை அளந்ததில் அடி மேடு 25 ஓமுக்குச் சற்றுக் கீழே, நடுவில் 7.5, 5 கிலோஹெர்ட்ஸில் 24. என் ஸ்பீக்கரை விட மேடு தாழ்வுதான். அந்த 22 ஓமைப் பெரிதாக்கினால் மேடு உயரும். ஆனால் ஹெட்போனில் இதுவே இறுக்கமாக நன்றாக இருப்பதால் தொடவில்லை. ஜாக்குக்குக் குறுக்கே 220 ஓம், 10 வாட் ஒன்றை நேரடியாக சால்டர் செய்திருக்கிறேன். உள்ளே எந்த வயர் கழன்றாலும் ஆம்ப் முழு வெறுமையைப் பார்க்காது. ஆம்பிலிருந்து பெட்டிக்கு வருவது ஸ்பீக்கர் கேபிள். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, இந்த வேலைக்கு ஆகாது.

லைன் அவுட்டுக்கு 10கே, 1கே (10,000, 1,000 ஓம்) ரெசிஸ்டர்களால் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு டிவைடர். 15 வாட்டில் 8 ஓமில் 11 வோல்ட் வரும், அது 1 வோல்ட் ஆகும். அதை அப்படியே ஹெட்போனில் கேட்டால் டப்பாவுக்குள் அடைபட்ட குளவி. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலானதை வெட்டி எறிந்துவிடும், இங்கே வெட்ட ஆளில்லை. அந்த வேலையை ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) செய்கிறது: ஒரு கேபினட்டும் மைக்கும் சேர்ந்து ஒலிக்கும் விதத்தைப் பதிவு செய்த சின்ன ஆடியோ கோப்பு. நாடிர் என்ற இலவச லோடரில் போட்டுக்கொண்டேன். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துணுக்கு) 64 சாம்பிள் வைத்தால் அதற்கான தாமதம் ஒரு பக்கத்துக்கு 1.3 மில்லிசெகண்ட், விரலுக்குத் தெரியவில்லை.

உள்ளதைச் சொல்வதானால், ஒரு ஐஆரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது காதில் கேட்கும் வித்தியாசம், வெறும் ரெசிஸ்டரிலிருந்து, காயிலும் கபாசிட்டரும் உள்ள ரியாக்டிவ் லோடுக்கு மாறியதை விடப் பெரிது. லோட் மாறியது காதை விடக் கைக்குத்தான் அதிகம் தெரிகிறது. பதிவு செய்து நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு எது எதுவென்று தெரியவில்லை. வாசிக்கச் சொன்னால் உடனே சொல்லிவிடுகிறார். காசு இருந்து, சால்டரிங் அயர்ன் பிடிக்காதவர்கள் கேப்டரையோ சூரையோ வாங்கி, மிச்ச நேரத்தை ஐஆர் தேடுவதில் செலவழிக்கலாம்.

ஒரு மணி நேரம் முழு வால்யூமில் வாசித்தால் ஹீட்சிங்கில் கை வைக்க முடிவதில்லை. பெட்டியின் மேலும் கீழும் ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை 7 வோல்ட்டில் ஓடவிட்டிருக்கிறேன். மீதி இருக்கும் தொல்லை 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது, ஆகவே ஆம்பும் லேப்டாப்பும் இரண்டு வழியாக எர்த்தில் இணைவதால் வரும் கிரவுண்ட் லூப்தான். லைன் அவுட்டில் 600 ஓம் ஒன்றுக்கொன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். லேமிங்டன் ரோட்டில் கேட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும் என்றார்கள்.