டீவி எங்க நிப்பாட்டுது எண்டு பாருங்கோ

இலங்கையின்ர வடக்கில ஆமி பிடிச்சு வைச்சிருந்த காணி விடுவிப்பு நியூஸ் வந்தா மேடை, பத்திரம் குடுக்கிற அதிகாரி, கும்பிடுற அம்மா, அவ்வளவுதான். அந்தக் காணி ஏன் இவ்வளவு வருசம் ஆமியிட்ட இருந்தது, முல்லைத்தீவு கேப்பாப்புலவுச் சனம் 2017ல வெயிலுக்க ரோட்டில கிடந்து தங்கட காணியைக் கேட்டது ஒண்டும் வராது, அப்ப தெற்கில பாக்கிறவைக்கு அரசாங்கம் தானம் குடுக்கிற மாதிரித்தானே தெரியும், ஆதரவு குடுக்காம என்ன செய்வினம்? சாந்தோ ஐயங்கார் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1991லயே எழுதிட்டார், வறுமையைத் தனி ஆளின்ர கதையா காட்டினா பாக்கிறவை அந்த ஆளைத்தான் கூடக் குறை சொல்லுவினம், காரணத்தோட காட்டினா அரசாங்கத்தையும் சமூகத்தையும் கேப்பினம் எண்டு. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20ல காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடிப் போராட்டம் தொடங்கின அம்மாக்களையும் அழுற முகமாத்தான் காட்டுறாங்கள். பிள்ளையை ஆமியிட்டக் கையளிச்சனாங்கள், எங்க எண்டு அவை கேக்கிற கேள்வியை எடிட்டில வெட்டாதேங்கோ, உண்மையா வயிறு எரியுது.