தையல் மெஷின் கொடுத்த நூறு டாலர்

2017இல் கூகுளின் வலைப்பதிவுத் தளமான ப்ளாகரில் எழுதத் தொடங்கியபோது காசு நினைப்பே இல்லை. கூகுள் கணக்கு இருந்தால் போதும், சில நிமிடத்தில் பிளாக்ஸ்பாட் முகவரி கிடைத்துவிடும், வாடகையும் கிடையாது. கவிதையாக எழுதித் தள்ளினேன். நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதற்குக் காசு தரும் கூகுளின் சேவை ஆட்சென்ஸ். அது ஆதரிக்கும் மொழிகளில் அப்போது தமிழ் இல்லை. 2018 பிப்ரவரியில் சேர்த்தார்கள். சேதி தெரிந்த அன்றைக்கே விண்ணப்பித்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது: உள்ளடக்கம் போதாது.

கோபம்தான் வந்தது. ரெண்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஆள் மாதிரி என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மொத்தம் 11 பதிவு, பாதி நாலு வரிதான். படங்கள் எல்லாம் இணையத்தில் எங்கிருந்தோ சுட்டவை. எழுதுவது யார் என்று ஒரு வரி இல்லை, தனியுரிமைக் கொள்கை என்றொரு பக்கமும் இல்லை. நான் விளம்பரம் கொடுப்பவனாக இருந்தால் எனக்கே கொடுத்திருக்க மாட்டேன்.

கவிதையை விட்டால் எனக்குத் தெரிந்தது தையல் மெஷின். அம்மா தைப்பார், பழுது பார்ப்பது என் வேலை. துணிக்கு அடியில் நூல் கூடு மாதிரிச் சிக்கினால் எல்லோரும் கீழ் நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துக் காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது. காலைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். இதைப் படிப்படியாக, என் போனிலேயே படம் எடுத்துப் போட்டேன். பிறகு ஊசி அடிக்கடி உடைவது, தையல் தாண்டிப் போவது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். சுட்ட படங்களை எல்லாம் நீக்கினேன். இரண்டாவது விண்ணப்பமும் திரும்பி வந்தது. மூன்றாவதில் அனுமதி கிடைத்தது.

கூகுளே இடம் பார்த்து வைக்கும் தானியங்கி விளம்பரத்தை முழுசாக முடுக்கிவிட்டது அடுத்த தப்பு. ஊசி படத்துக்கும் அதற்கான விளக்கத்துக்கும் நடுவே ஒரு பெரிய விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கையில் நூலை வைத்துக்கொண்டு படிப்பவருக்கு எரிச்சல் வராதா? அதை அணைத்துவிட்டு, பதிவின் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நானே வைத்தேன். நம் பக்கத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பு இல்லை என்ற சிவப்பு எச்சரிக்கை கொஞ்ச நாள் மிரட்டியது. ப்ளாகர் அமைப்புகளிலேயே அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஆட்சென்ஸ் தரும் ஒற்றை வரியை அதில் ஒட்டினால் வேலை முடிந்தது.

முதல் நாள் வருமானம் 3 சென்ட். அதைப் பெருமையாக வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், வினை அங்கே பிடித்தது. பாசக்கார சொந்தங்கள் ஆளுக்கு ஐந்தாறு முறை விளம்பரத்தைத் தட்டிவிட்டார்கள். ஒரே நாளில் 2 டாலர்! அடுத்த வாரம் செல்லாத கிளிக் என்று அதைக் கழித்துவிட்டு, விளம்பரம் காட்டுவதையும் கட்டுப்படுத்திவிட்டார்கள். கணக்கே போயிருக்கும், தப்பித்தேன். "மாமா, உங்களுக்காகத்தானே தட்டினேன்" என்ற அக்கா மகளிடம் என்ன சொல்வது? கட்டுப்பாடு நீங்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. நீங்கள் தொடங்கினால் முகவரியை வீட்டில் சொல்லவே சொல்லாதீர்கள்.

10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு ரகசிய எண்ணை (PIN) தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவுசெய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எனக்கு முதல் கடிதம் வரவேயில்லை. முகவரியில் கதவு எண்ணை விட்டிருந்தேன். திருத்தி மறுபடி கேட்டேன். இரண்டாவது வந்தது, மடித்து ஒட்டிய சாதாரண அட்டை. ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று குப்பையில் போகப் பார்த்தது.

100 டாலர் தொட 14 மாதம் ஆனது. மாத முடிவில் அந்தத் தொகையைத் தாண்டியிருந்தால் மறு மாதம் 21இலிருந்து 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். 23ஆம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் வரவு வைப்பதற்கு முன்னால் வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

எந்தப் பதிவு எவ்வளவு கொடுத்தது என்று அன்று உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அந்த மேல் நூல் பதிவு ஒன்றே சம்பாதித்தது. தேடி வருகிறவர்கள் மெஷினோ உதிரி பாகமோ வாங்கக்கூடியவர்கள், விளம்பரமும் அதுவாகவே வருகிறது. கவிதைகள் எல்லாம் சேர்ந்து 41 சென்ட். அந்தப் பக்கங்களிலிருந்து விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.