இடது கைக்காரி முடிவெட்டக் கற்ற கதை

சான்றிதழ் கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. இன்னமும் என் வலது கை நடுவிரலைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அதில் மூன்று தழும்பு, மூன்றும் முதல் இரண்டு மாதத்தில் வாங்கியவை. இடது கைப் பழக்கம் உள்ள யாராவது முடிவெட்டும் படிப்பில் சேர நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வலது கைக்காரர்களும் படிக்கலாம். கத்தரி விஷயத்தில் எல்லோரும்தான் ஏமாறுகிறோம்.

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையம், ஆறு மாதப் படிப்பு. ஆதார் நகல், போட்டோ, முதல் தவணைப் பணம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. தொல்லை 'கிட்' என்ற பெயரில் வந்தது. அதை அவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம், 4,500 ரூபாய். கறுப்பு ரெக்சின் பைக்குள் ஆறு அங்குலக் கத்தரி, தின்னிங் கத்தரி, கட்டிங் சீப்பு, வால் சீப்பு, செக்‌ஷன் கிளிப், ஸ்பிரே பாட்டில், பிளேடு மாற்றும் ரேசர், போர்த்தும் துணி. அலுவலகத்தில் இருந்த அக்காவிடம், "நான் இடது கைக்காரி, எனக்கு வேற கத்தரி உண்டா?" என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "கத்தரிக்கு ஏது மக்களே இடது வலது? ரெண்டு ஓட்டை இருக்கு, ரெண்டு விரலை விடு" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

முதல் பாடம் டம்மியில், அதாவது முடி வைத்த பொம்மைத் தலையில், ஒரே நீள வெட்டு. பார்லரில் ஸ்ட்ரெயிட் கட் என்பார்களே, அது. முடியைத் தூக்காமல் சீவி அப்படியே தொங்கவிட்டு வெட்ட வேண்டும், அதனால் பூஜ்யம் டிகிரி. பக்கத்தில் இருந்த பெண்களுக்கு கோடு போட்டதுபோல வந்தது. எனக்கு மட்டும் முடி கத்தரிக்குள் மடங்கி, பாதி வெட்டுப்பட்டு, பாதி நழுவி, எலி கடித்ததுபோல ஆனது. மாஸ்டர் வந்து பார்த்தார். "கையில் பலம் இல்லை, அழுத்தி வெட்டு" என்றார். அழுத்தினேன். முதல் தழும்பு அன்றைக்கு விழுந்தது.

இரண்டாவது வாரம் அவரே, "பீச்சாங்கையை விட்டுட்டு வலது கைக்கு மாறிடு, கஸ்டமருக்கும் அது பிடிக்காது" என்று சொன்னார். மூன்று வாரம் மாறிப் பார்த்தேன். கத்தரி பிடிப்பதில் மோதிர விரல் ஒரு ஓட்டைக்குள் அசையாமல் இருக்க, கட்டைவிரல் மட்டும் வேலை செய்ய வேண்டும். என் வலது கட்டைவிரலுக்கு அந்தச் சங்கதி கடைசிவரை புரியவே இல்லை. சாப்பிடுவதையும் ஆசீர்வாதம் வாங்குவதையும் வலது கையால் செய்யப் பழகியாயிற்று, இதையும் பழகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நடக்கவில்லை.

விடை கிடைத்தது எங்கள் ஊர் ஜங்ஷன் சலூனில். அண்ணன் மகனுக்கு முடிவெட்டக் கூட்டிப்போன இடத்தில் புலம்பினேன். கடைக்கார அண்ணாச்சி என் கத்தரியை வாங்கி, டிஷ்யூ பேப்பரை நனைத்துத் தன் வலது கையால் வெட்டினார். சர்ரென்று போனது. என்னிடம் கொடுத்து இடது கையால் வெட்டச் சொன்னார். பேப்பர் மடங்கி இரண்டு அலகுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

"கை தப்பில்லை மக்களே, கத்தரிதான் தப்பு" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வலது கையால் கத்தரியை மூடும்போது நம்மை அறியாமலே கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். அந்த அழுத்தத்தில் இரண்டு அலகும் ஒட்டி உரசும், முடி வெட்டுப்படும். அதே கத்தரியை இடது கையில் பிடித்தால் அதே தள்ளலும் இழுப்பும் அலகுகளை விலக்கிவிடும். நடுவில் இடைவெளி விழுந்தால் முடி மடங்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு மேல் அலகு வெட்டும் இடத்தை நம் கண்ணிலிருந்து மறைக்கும். கத்தரியைப் புரட்டிப் பிடித்தாலும் பயனில்லை. அலகுகளே இடம் மாறிப் பொருத்தப்பட்ட கத்தரி வேண்டும். வலது கைக்காரர்களே, உங்கள் கத்தரிக்குக் கூர் போய்விட்டதா என்று பார்க்கவும் இந்த ஈர டிஷ்யூ நல்ல சோதனை.

மறுநாள் கிட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பிரித்த கிட் திரும்ப எடுப்பதில்லையாம். சரி, அந்த 4,500 போனது என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். நாகர்கோவிலில் அழகு சாதனக் கடைகள் நாலு ஏறி இறங்கினேன். மூன்று பேர் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை. நாலாமவர் ஆர்டர் போட்டால் பத்து டஜன் எடுக்க வேண்டும் என்றார். ஆன்லைனில் 'இடது கைக்கு' என்று போட்டிருந்ததை 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் கைப்பிடியை மட்டும் இடது விரல்களுக்குத் தோதாக வளைத்திருக்கிறார்கள், அலகு அதே வலது கை அலகு. ஈர டிஷ்யூவில் அரை நிமிடத்தில் சாயம் வெளுத்தது. நல்ல வேளை, இதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கைப்பிடி வேறு, அலகு வேறு. வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற பஜாரில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வகுப்புக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினேன். களியக்காவிளையோடு பஸ் நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஹர்த்தால். எல்லையோரத்தில் பிறந்து வளர்ந்தவள், முந்தின நாள் மலையாளச் செய்தி ஒன்றைப் பார்த்திருக்க வேண்டாமா? ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் மறுபடி போய் வெயிலில் இரண்டு மணி நேரம் அந்த பஜார் முழுக்க நடந்தேன். ஒரு கடையில் எடுத்துக் காட்டியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதம் வெட்டும் இடது கைக் கத்தரி. கடைக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்தார்.

கடைசியில் ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் படம் வரைந்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், ஐந்தரை அங்குல இடது கைக் கத்தரி ஒன்றைக் கொண்டுவந்தான். விலையைச் சொல்ல மாட்டேன் என்கிறான். முதல் வெட்டில் வந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, நாலு மாதம் பக்கத்து மேசையில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், அது என் கையிலிருந்து வந்தது.

பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் மீதி. டம்மியை ஏற்கெனவே நாசமாக்கி வைத்திருந்தேன். டம்மி முடி வளராது என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் அதற்கேற்ற வரிசை யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் ஒரே நீளம், பிறகு முடியை 45 டிகிரி தூக்கி வெட்டும் கிராஜுவேஷன், பிறகு 90 டிகிரி தூக்கி வெட்டும் லேயர், கடைசியில் பாய் கட், மெஷின் வேலை என்று நீளத்திலிருந்து குட்டைக்கு வந்தால் ஒரு தலையில் நாலு பாடம் எடுக்கலாம். நான் இரண்டாவது தலை வாங்கினேன்.

இன்னொரு சிக்கல், மாஸ்டர் செய்து காட்டுவது எல்லாம் எனக்குத் தலைகீழ். அவர் தொடங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நான் தொடங்க வேண்டும், நிற்கும் இடமும் மாறும். மண்டைக்குள் திருப்பிப் போட்டுப் போட்டுத் தலைவலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் தற்செயலாக எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இருந்த மாஸ்டர் இடது கைக்காரர்! அன்றிலிருந்து அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் பார்த்தேன். நான் கவனிப்பதில்லை என்று இரண்டு தடவை திட்டும் வாங்கினேன்.

கிளிப்பர், அதாவது முடிவெட்டும் மெஷின், எனக்குச் சுலபமாக வந்தது. அதன் முனையில் மாட்டும் சீப்புக்குப் பெயர் கார்டு. ஒன்றாம் நம்பர் கார்டு விடும் முடி சுமார் 3 மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் 6, பெரியதில் தொடங்கிச் சிறியதுக்கு இறங்கினால் பள்ளம் விழாது. வெட்டும் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் பக்கத்து லிவர் மட்டும் வலது கட்டைவிரலுக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பரீட்சைக்கு நாம்தான் மாடல் கூட்டிப்போக வேண்டும். எனக்கு வாய்த்தவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, நல்ல அடர்த்தியான சுருட்டை முடி. முந்தின நாள் மூன்று தடவை சொன்னேன், தலையில் எண்ணெய் வைக்காமல் வா என்று. பிள்ளை வைக்கவில்லைதான். "வெளியாட்கள் வந்து பார்க்கப்போற தலையை இப்படிப் பரட்டையா அனுப்பவா?" என்று அவள் அம்மா காலையில் கை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பின்னி, பிச்சிப்பூவும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பைக்கில் வரும்போதே எண்ணெய் நெற்றியில் வழிந்திருந்தது.

45 நிமிடப் பரீட்சையில் 12 நிமிடம் தலை கழுவப் போனது. இதற்கு ஒரு வழி, சலூன் அண்ணாச்சி உபயம்: எண்ணெய்த் தலையில் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த முடியிலேயே ஷாம்புவைத் தேய்த்து, எண்ணெயோடு கலந்த பிறகு தண்ணீர் விட்டால் இரண்டாவது அலசலில் போய்விடும். தண்ணீரை முதலில் விட்டால் நாலு அலசல் ஆனாலும் பிசுபிசுப்பு இருக்கும்.

எனக்கு வந்தது லேயர் கட். நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு வகிடு, காதிலிருந்து காதுவரை ஒரு வகிடு, நாலு செக்‌ஷன், கிளிப். முதல் இழையை வெட்டி அதை வழிகாட்டியாக வைத்து, ஒவ்வொரு இழையையும் மண்டைக்கு நேர்க்குத்தாகத் தூக்கி, முன்பு வெட்டிய இழையின் நீளத்தோடு சேர்த்து வெட்ட வேண்டும். சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு நிற்கும், காய்ந்தால் சுருங்கி மேலே ஏறும். அதனால் கேட்ட அளவைவிட இரண்டு விரல்கடை நீளமாகவே விட்டேன். காது மேல் மட்டும் முடியை இழுத்துப் பிடிக்காமல் லூசாக வெட்டினேன். இழுத்து வெட்டினால் காது மடலின் புடைப்பில் முடி ஏறி அந்த இடம் மட்டும் குட்டையாகத் தெரியும். பிடரி வரும்போது பிள்ளை போனைப் பார்க்கத் தலையைக் குனிந்தாள். குனிந்த தலையில் வெட்டினால் நிமிரும்போது மேல் முடி கீழ் முடியைத் தாண்டித் தொங்கும். போனைப் பிடுங்கி என் பையில் போட்டுவிட்டேன். விரலின் இரண்டாவது கணுவைத் தாண்டி வெட்டக் கூடாது என்ற பாடத்தை, அந்த மூன்று தழும்பும் நினைவூட்டிக்கொண்டே இருந்தன.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா நான் செங்குத்தாக எடுத்து வெட்டியதைக் கிடையாகச் சீவித் தூக்கி கிராஸ் செக் செய்தார். ஒரு இடத்தில் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. சரி செய்யச் சொன்னார், செய்தேன். பிறகு என் கத்தரியை வாங்கித் தன் வலது கையில் மாட்டி ஒரு இழையை வெட்டிப் பார்த்தார். முடி மடங்கியது. இன்னொரு தடவை பார்த்தார், மறுபடியும் மடங்கியது. "இதை வச்சா இவ்வளவும் வெட்டினே?" என்றார். பின்னால் நின்ற மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

கத்தரி வாங்கியதும் திருகைச் சரிபாருங்கள். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை உயர்த்தி, அலகுகள் கூட்டல் குறி மாதிரி விரிந்ததும் விட்டுவிடுங்கள். முழுக்க மூடிக்கொண்டால் லூசு, அசையாமல் நின்றால் இறுக்கம், கொஞ்சம் திறந்தபடி நின்றால் சரி. தெருவில் வரும் சாணைக்காரரிடம் நல்ல கத்தரியைக் கொடுக்காதீர்கள். என்னோடு படித்த பெண் ஒருத்தி கொடுத்தாள், வளைவாகத் தீட்டிய விளிம்பை அவர் அரிவாள் மாதிரி தட்டையாக்கிவிட்டார்.

கிட்டில் வந்த அந்தக் கத்தரி இப்போது எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அம்மா அதில்தான் மீன் சிறகு வெட்டுகிறாள். வலது கைக்காரி. "நல்ல கத்தரியா இருக்கே, இதையா நீ ஆறு மாசம் குறை சொன்னே?" என்று ஒவ்வொரு மீன் நாளும் கேட்கிறாள்.