நாற்பத்திரண்டு அட்டை, ஒரு போன்

பத்தாம் வகுப்புக்கு ஒலியியல் பாடம் எடுக்கும்போது வருஷா வருஷம் ஒரு கேள்வி கேட்பேன். மெதுவாகத் தட்டினால் வரும் சத்தம் வேகமாகப் போகுமா, ஓங்கித் தட்டினால் வருவது வேகமாகப் போகுமா, இல்லை இரண்டுக்கும் ஒரே வேகமா? கை தூக்குவது எப்போதும் அதே ஐந்தாறு பேர்தான். அவர்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள், வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

இந்த வருஷம் அதே கேள்வியை பிளிக்கர்ஸ் என்ற ஆப்புக்கான அட்டை கொடுத்துக் கேட்டேன். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும், நான் அந்த ஆப்பைத் திறந்து என் போன் கேமராவை வகுப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று பெயரோடு என் திரையில் வந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வடிவம், எழுத்தும் பொடி என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம். பிள்ளைகள் கையில் போனே வேண்டாம்.

நாற்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர் ஓங்கித் தட்டினால்தான் வேகம் என்று பிடித்திருந்தார்கள். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருஷமாக இந்த இருபத்தேழு பேரை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்! மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் ஒரு பெண் உட்காருவாள், ஜூன் மாசத்திலிருந்து வாயே திறந்ததில்லை, அவள் பெயருக்கு நேரே சரியான விடை இருந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அட்டையை லேமினேஷன் போடாதீர்கள். டியூப் லைட் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமராவுக்குப் படிக்க வராது. ஜெராக்ஸ் எடுத்துப் பழைய நோட்டு அட்டையில் ஒட்டினேன், அதுவே போதும். விரல் அந்தக் கட்டங்களை மறைக்கக் கூடாது. நாற்பது பேருக்கு மேல் இருந்தால் அறுபத்து மூன்று அட்டை உள்ள தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இருபத்தேழு பேருக்கும் விடையைச் சொல்லிக் கொடுப்பதா? மறுநாள் அளந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஜெர்மனியில் ஆகென் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, போனுக்குள் இருக்கும் சென்சார்களையும் மைக்கையும் வைத்தே இயற்பியல் சோதனை செய்யலாம். அதில் சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் ஸ்டாப்வாட்ச் உண்டு. என் போனையும் சக ஆசிரியை ஒருவர் போனையும் வராந்தாவில் டேப் பிடித்துச் சரியாக 10 மீட்டர் தள்ளி வைத்தோம். இந்தப் பக்கம் ஒருவன் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்ட வேண்டும், இரண்டு போனும் ஓட ஆரம்பிக்கும், பிறகு அந்தப் பக்கம் ஒருத்தி தட்டினால் இரண்டும் நிற்கும். முதல் சத்தம் 10 மீட்டர் போன பிறகுதான் தூரத்துப் போன் ஓடும், இரண்டாவது சத்தம் 10 மீட்டர் வந்த பிறகுதான் முதல் போன் நிற்கும். அதனால் முதல் போன் கொஞ்சம் அதிக நேரம் காட்டும், அந்த அதிகம்தான் சத்தம் 20 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம்.

எங்கள் பள்ளி பெரம்பூர் பக்கம், ரயில் பாதைக்கு ரொம்பக் கிட்டே. முதல் இரண்டு தடவை ரயில் ஹாரனுக்கே வாட்ச் ஓடிவிட்டது. எவ்வளவு சத்தத்துக்கு மேல் ஓட வேண்டும் என்று ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம், அதை ஏற்றி வைத்த பிறகு 2.431 விநாடி, 2.373 விநாடி என்று வந்தது. வித்தியாசம் 0.058. 20-ஐ அதால் வகுத்தால் விநாடிக்கு 345 மீட்டர். அன்றைக்கு வெயில் 31 டிகிரி, புத்தகக் கணக்குப்படி 350 வர வேண்டும். தட்டையும் கரண்டியையும் வைத்து இவ்வளவு நெருங்கியதற்கு வராந்தாவே கத்தியது.

மெதுவாகத் தட்டிப் பார்த்தபோது தூரத்துப் போன் எழுந்திருக்கவே இல்லை. தூரத்தை 5 மீட்டராகக் குறைத்து, ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆப்பின் அளவையும் இறக்கி, மெதுவாக மூன்று தடவை, ஓங்கி மூன்று தடவை தட்டினோம். ஆறு தடவையும் வித்தியாசம் 0.028, 0.029 என்றேதான் வந்தது. வகுப்புக்குத் திரும்பி மறுபடியும் அட்டையைத் தூக்கச் சொன்னால் மூன்று பேர்தான் பழைய விடையில் நின்றார்கள், அந்த மூவரோடு மதியம் தனியாக உட்கார்ந்தேன்.

பள்ளிக்கு மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது, வீடியோக்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அதை வீட்டில் பார்த்து வா என்று நான் சொல்வதில்லை. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்பும். ஒரு போனை வைத்து நாற்பத்திரண்டு பேரையும் பதில் சொல்ல வைக்க முடியும் என்றால், அதற்கு என் போன் போதும்.

அப்புறம் அந்த மூன்றாவது பெஞ்ச் பெண். மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜைக்கு வந்து, "மிஸ், மார்கழி மாசம் காலையில குளிரா இருக்கும்ல, அப்போ இதே நேரம்தான் வருமா?" என்று கேட்டாள். 24 டிகிரி என்று வைத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். 10 மீட்டரில் வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட வராது, வராந்தா போதாது. மறுநாள் இன்டர்வெல்லில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மைதானத்தை அவள் அடி வைத்து அளந்துகொண்டிருந்தாள்.