முடிவு நோட்டு

தொழிலில் பெரிய முடிவு எடுக்கும் அன்றைக்கே எழுதி வையுங்கள்: என்ன முடிவு, ஏன், எந்தத் தேதிக்குள் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 9 முதல் 12 மாதம் கழித்து எடுத்து ஒப்பிடுங்கள். மேலாண்மை பற்றிப் பல புத்தகங்கள் எழுதிய பீட்டர் டிரக்கர் சொன்ன முறை இது.

எதிர்பார்ப்பை எண்ணாக எழுதணும். "புது மேனேஜர் நல்லா செய்வார்" என்று எழுதினால் பிற்பாடு எதுவும் சரியாகத்தான் தெரியும். "மார்ச்சுக்குள் வசூலாகாத பாக்கி 8 லட்சத்திலிருந்து 5 லட்சமாகும்" என்றால் தப்பிக்க வழியில்லை. அன்றைய மனநிலைக்கும் ஒரு வரி: கோபமா, அவசரமா, போட்டிக் கடைக்காரர் மேல் எரிச்சலா? பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உங்களைப் பற்றி அதிகம் சொல்வதும் இதுதான்.

எழுதாவிட்டால் நினைவு ஏமாற்றும். லாபம் வந்தால் என் திறமை, நஷ்டம் வந்தால் மார்க்கெட் சரியில்லை!

பத்து முடிவு சேர்ந்ததும் மொத்தமாகப் படியுங்கள். ஆள் எடுப்பதில் மட்டும் திரும்பத் திரும்பச் சறுக்குகிறதா? அந்த வேலையை அது கைவந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நோட்டோடு நிற்காமல் ஊழியர்களிடமும் கேளுங்கள். ஆனால் "நான் எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லா பண்றீங்க சார்" என்றுதான் வரும். "மீட்டிங்கில் நான் எதை நிறுத்தணும்?" என்று கேளுங்கள். பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வாதாடினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.