மடுவுக்கு வைத்த நேர்த்தி, கேவலாரில்

ஜேர்மனியில் உள்ள மாதா யாத்திரைத் தலமான கேவலாருக்கு முதல் தடவை வரும் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். மூன்று நாலு மணித்தியாலம் கார் ஓடி, நிறுத்த இடம் தேடி அலைந்து, சனத்துக்குள் இடிபட்டு, ஆறு பக்கமாகக் கட்டிய அந்தச் சின்ன ஆலயத்தின் சாளரத்துக்கு முன்னால் போய் நின்றால், மாதாவைக் காணவில்லை. தங்கச் சோடனைகளோடு ஒரு சட்டம் தெரியும். அதற்குள் உற்றுப் பார்த்தால் ஒரு தாள். 7.5 சென்ரிமீற்றர் அகலம், 11 சென்ரிமீற்றர் உயரம். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படம், கைத்தொலைபேசியிலும் சின்னது. "இதுக்கோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று அம்மம்மா சத்தமாகவே கேட்பா. பக்கத்தில் நிற்கிறவர்கள் "உஸ்" என்பார்கள். அவர்களும் ஒரு காலத்தில் அதையே மனதுக்குள் கேட்டவர்கள்தான்.

மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலைக் கண்ட கண்ணுக்கு இது போதாது. அங்கே ஓகஸ்ட் 6 கொடியேற்றம், 15 திருவிழா, நடுவில் காட்டுக்குள் கூடாரம், மூன்று கல்லு அடுப்பு, உழவு இயந்திரப் பெட்டிக்குள் நித்திரை, காலெல்லாம் செம்மண். கூட்டுத் திருப்பலி முடிந்து சொரூபம் வெளியே வரும்போது எழும் அந்தச் சத்தம். இங்கே ஒரு சனிக்கிழமை, காலையில் வந்து பின்னேரம் திரும்ப வேண்டும். திங்கள் காலை வேலை.

ஆனாலும் அந்தத் தாளின் கதை தெரிந்தால் எங்கள் ஆட்கள் ஏன் இங்கே ஒட்டிக்கொண்டார்கள் என்பது விளங்கும். அது ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர்க்காலம். 1641 நத்தார் நேரம் ஹென்ட்ரிக் பூஸ்மான் என்ற நடை வியாபாரி வேய்ஸ என்ற ஊரிலிருந்து கெல்டர்னுக்குப் போகும் வழியில் ஒரு சிலுவையடியில் நின்று செபித்தபோது, "இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு" என்ற குரல் கேட்டதாம். ஆளைக் காணவில்லை. பிறகும் இரண்டு தடவை அதே குரல். கையில் காசில்லை, அன்றாடம் விற்று வருவதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கத் தொடங்கினார். கதையின் ருசி அவருடைய மனைவி மெகெலிடம் இருக்கிறது. சில நாள் முன்னம் இரண்டு போர்வீரர்கள் லக்ஸம்பேர்க் மாதாவின் படங்களை விற்க வந்தபோது, விலை கூட என்று சொல்லித் திருப்பி அனுப்பியவ அவ. பிறகு ஓர் இரவு அவவுக்குப் பெரிய வெளிச்சத்தில் ஒரு சிற்றாலயமும் அதற்குள் அதே படமும் தெரிய, புருஷன் "போய் அந்தப் படத்தைத் தேடு" என்று அனுப்பினார். தேடிப் போனால் படம் கெம்பனில் சிறையிருந்த ஒரு லெப்டினன்ரிடம் இருந்தது. 1642 ஜூன் 1 அன்று பங்குத்தந்தை அதைக் கேவலாரில் வைத்தார். 'துயருறுவோருக்கு ஆறுதல்' என்பது அந்த மாதாவின் பட்டம். போர், சிறை, காசில்லாத குடும்பம், காத்திருப்பு: இந்தக் கதையை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

80களின் நடுவில் ஊரிலிருந்து அகதியாக ஜேர்மனிக்கு வந்தவர்கள் பலர் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, நகர ரெயினில் எல்லை தாண்டி மேற்கு பேர்லினுக்குள் வந்தவர்கள். வந்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு. வேலை செய்ய அனுமதி இல்லை. விடப்பட்ட மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி இல்லை; பக்கத்து மாவட்டத்திலுள்ள தமையனைப் பார்க்கவும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடிதம் வாங்க வேண்டும். கேவலாருக்குப் போகவும் அப்படியே. மாதாவிடம் விசா கேட்கப் போவதற்கு முதலில் அதே விசா அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டிய காலம் அது. 80களின் பிற்பகுதியில் தொடங்கிய தமிழர் யாத்திரை அப்படிக் கடிதம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களால் வளர்ந்தது. இன்று நெதர்லாந்து, பிரான்ஸ், சுவிஸ் என்று சுற்றுவட்டாரமெல்லாம் திரண்டு ஆயிரக்கணக்கில் வருகிறது. சைவ ஆட்களும் குறைவில்லை. மடுவிலும் அப்படித்தானே.

செபத்தைப் பற்றிச் சொல்லுமுன் மஞ்சள் உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகதி விண்ணப்பத்தின் முடிவு மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் கொண்டுவந்த திகதியை உறையின் மேலேயே எழுதிவிடுவார். நாள் எண்ணுவது அந்தத் திகதியிலிருந்து. அதனால் கடிதத்தை எடுத்துவிட்டு உறையை எறிவது பெரிய பிழை. வழக்குப் போட, நிராகரிப்பின் வகையைப் பொறுத்து, இரண்டு வாரமோ ஒரே ஒரு வாரமோதான் கிடைத்து வந்திருக்கிறது. எங்கள் ஆட்களில் சிலர் பயத்தில் அந்த உறையைத் திறக்காமல் மாதா படத்துக்கு முன்னால் வைத்து நவநாள் தொடங்குவார்கள். நவநாள் முடிய 9 நாள். ஒரு வாரத் தவணை அதற்குள் போய்விடும். விசுவாசத்தில் குறை சொல்ல முடியாது, கணக்குத்தான் பிழை. உறையைத் திறந்து, திகதியைக் கலண்டரில் குறித்து, கரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி நிறுவனம் மாதிரி ஆலோசனை தரும் இடத்துக்குப் போய்விட்டு அன்றிரவு நவநாளைத் தொடங்கலாம். வழக்கறிஞர் கிடைக்காவிட்டாலும் நிர்வாக நீதிமன்றத்துக்கு நேரே போய் அங்குள்ள விண்ணப்பப் பிரிவில் வாயால் சொல்லி வழக்கைப் பதியலாம். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இடைவிடாத செபத்துக்கு இயேசு காட்டிய ஆள் யார்? வீட்டுக்குள் இருந்து அழுத ஒருத்தியில்லை. நடுவனுடைய வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அவனுக்கு அலுப்புக் கொடுத்த கைம்பெண்.

நவநாளின் 9 நாளும் ஒரு காத்திருப்பின் கணக்குத்தான். இயேசு விண்ணேறிய பிறகு தூய ஆவி வரும்வரை மாதாவும் சீடர்களும் மேல்மாடியில் கூடிச் செபித்த நாட்கள் அவை. ஊரில் நவநாள் என்றால் கோயில் மணி அடிக்கும், பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள், தானாக நடக்கும். இங்கே மணியும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. ஒரு கிழமை காலை வேலை, மறுகிழமை இரவு வேலை என்று மாறும்போது நாலாம் நாள் ஐந்தாம் நாளில் நவநாள் அறுந்துபோகும். மணிக்கூட்டைப் பார்த்து நேரம் வைக்காமல், செய்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிட்டால் நிற்கும்: வேலைக்குச் சப்பாத்துப் போடுமுன், அல்லது வந்து குளித்ததும். ஒரு நாள் விட்டால் எல்லாம் முதலிலிருந்து என்ற பயம் வேண்டாம். அடுத்த நாள் சேர்த்துச் சொல்லித் தொடரலாம்.

செபமாலை ஒன்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். 59 மணி: 53 அருள்நிறைந்த மரியே, 6 கர்த்தர் கற்பித்த செபம். இயேசு, மாதா வாழ்விலிருந்து தியானிக்கும் மறைபொருள் நாளுக்கு நாள் மாறும்: திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்குரிய ஒளியின் மறைபொருளைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2002இல் சேர்த்தார். அதற்கு முன் ஊரைவிட்டு வந்த அம்மாமார் வியாழனில் இன்னும் சந்தோஷத்தையே சொல்வார்கள், திருத்தப் போக வேண்டாம். ரெயினில் மாலையை வெளியே எடுக்கக் கூச்சமென்றால் பத்து முனை வைத்த செபமாலை மோதிரம் இருக்கிறது. விரலிலேயே சுற்றி எண்ணலாம். மெசினில் வேலை செய்கிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். விரல் போனால் மாதா பொறுப்பில்லை.

செபமாலை மாதத்தில் சொரூபம் வீடு வீடாகப் போகும் வழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. ஊரில் ஒழுங்கை நிறையப் பாட்டோடு பத்து வீடு தள்ளிப் போகும் மாதா, இங்கே காரின் பின்சீற்றில் சீற் பெல்ற் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவா. அடுக்குமாடியில் இரவு 10 மணிக்குப் பிறகு பாடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். ஆகவே 7 மணிக்கே தொடங்கி, மன்றாட்டுமாலையை மட்டும் பாடி, கடலையும் பிளேன்ரியும் கொடுத்து 9 மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். பழகிவிட்டது. ஆனாலும் கடலை கொறிக்கும்போது யாராவது ஒருவர் "எங்கட ஊரில இந்நேரம்..." என்று தொடங்குவார். பிறகு 9 மணி எங்கே!

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் நேர்த்தி. ஷெல் விழுந்த இரவிலோ, கடலில் படகு நின்றபோதோ, இங்கே அகதி முகாமிலோ வைத்த நேர்த்தி எல்லாம் ஒரே இடத்துக்குத்தான்: "மடு மாதாவே, விசா கிடைச்சால் உன்னட்டை வந்து..." விசா கிடைக்கும். கூடவே அகதிகளுக்குரிய நீலப் பயண ஆவணமும் கிடைக்கும். அதைத் திறந்தால் எல்லா நாட்டுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று எழுதியிருக்கும். மீறிப் போய் வந்தால் அகதித் தகுதியே போகலாம். கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்ததே கடனைத் தீர்க்க விடாமல் மறிக்கிறது. நேர்த்தியைச் செலுத்தாமல் வைத்திருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று வளர்ந்த சனம்; பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் காரணம் அதுதான் என்று படுக்கையில் கிடந்து யோசிக்கும்.

இதற்குத் திருச்சபையில் தெளிவான வழி உண்டு, பலருக்குத் தெரியாது. தனிப்பட்ட நேர்த்தியை, தகுந்த காரணம் இருந்தால், பங்குக்குருவே விலக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 1196. வேறொன்றாக மாற்றவும் அவரால் முடியும். அதற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல ஒன்றாக மாற்றுவதென்றால் நேர்த்தி வைத்தவரே மாற்றலாம், அது 1197. ஆகவே மடுவுக்கு வைத்ததைக் கேவலாரில் செலுத்துவது ஏமாற்று வேலையில்லை. குருவானவரிடம் இரண்டு நிமிடம் கதைத்தால் வருடக்கணக்கான பாரம் இறங்கும். புதிதாக நேர்த்தி வைக்கிறவர்கள் இடத்தின் பெயரைச் சொல்லாமல் வைப்பது நல்லது. வெறுங்காலில் நடக்கிறேன் என்று வைக்கிறவர்கள் ஓகஸ்ட் மாதத்துத் தார் றோட்டையும் நினைத்துக்கொள்ளலாம். மடு மணல் மன்னிக்கும், தார் மன்னிக்காது.

ஆளுயர மெழுகுதிரி கொளுத்துவதாக வைக்கும் நேர்த்தி இன்னொன்று. ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மெழுகுதிரி வாங்கலாம், ஆனால் வெளியே உள்ள தாங்கிகள் குட்டைத் திரிகளுக்குரியவை. ஒன்றரை மீற்றர்த் திரியை நட்டால் காற்றுக்குச் சரியும். அதனால் அரை மீற்றரில் மூன்றாக வாங்கிக் கணக்கை நேராக்குகிற ஆட்கள் உண்டு. மெல்லிய திரியை நெருக்கமாக வைத்தால் பக்கத்துச் சூட்டில் இளகி வளைந்துவிடும். கட்டையாக, பருமனாக ஒன்றை ஓரத்தில் வைத்தால் கடைசிவரை எரியும். இதைப் பார்த்து ஜேர்மன்காரர் சிரிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே 'மெழுகுதிரி ஆலயம்' என்றே ஒன்று இருக்கிறது, 1640களில் கட்டியது. யாத்திரைக் குழுக்கள் பெயர்ப் பலகை தொங்கவிட்டுக் கொண்டுவந்து வைத்த திரிகள் உள்ளே ஆளை விட உயரமாக நிற்கும்.

கேட்டது கிடைக்காதவர்களும் அந்தச் சனத்துக்குள் நிற்பார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாடுகடத்தலைத் தள்ளிவைக்கும் கடதாசியோடு தலை நரைத்தவர்கள். "செபம் பண்ணினால் கிடைக்கும்" என்று அவர்களிடம் சொல்லக் கூடாது, அவர்கள் சொல்லாத செபமில்லை. அவர்களில் பலர் பேசுவது மடு மாதாவின் கதையைத்தான். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து சனத்தோடு காட்டுக்குள் ஓடி வந்தவ. பிறகு போர் முற்ற, 2008 ஏப்ரலில் குருக்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஓகஸ்டில்தான் திரும்பியது. அவவே இரண்டு தரம் இடம்பெயர்ந்தவ, எங்கட நிலைமையை அவவுக்கு வடிவாத் தெரியும் என்பார்கள். அதற்குமேல் அவர்கள் விளக்கம் கேட்பதில்லை, செபமாலையின் அடுத்த பத்து மணியைத் தொடங்குவார்கள்.

ஜேர்மன் குடியுரிமை எடுத்து, சிவப்புக் கடவுச்சீட்டு வந்ததும், பலர் செய்கிற முதல் பயணம் மடுவுக்குத்தான். கேவலாரில் செலுத்தியாயிற்று, மாற்றியாயிற்று, குருவும் சொல்லியாயிற்று. இருந்தாலும் ஒரு தரம் போய்ச் சொல்லிவிட்டு வர வேணும். ஓகஸ்ட் வெயிலில் கூடாரத்துக்குள் கிடந்து, தண்ணி வரிசையில் நின்று, "கேவலாரில என்றால் கழிவறை எவ்வளவு துப்புரவு" என்று முணுமுணுப்பார்கள். பிள்ளைகள் நுளம்புக்கடியில் ஜேர்மன் மொழியில் சண்டை பிடிப்பார்கள். கடைசி நாள் அம்மா மட்டும் தனியே போய் முழந்தாளில் நின்று, மகளின் பரீட்சைக்கு ஒரு புதிய நேர்த்தி வைத்துவிட்டு வருவா. எங்கே செலுத்துவதாம் என்று கேட்டால், "கேவலாரில தான், லீவு எடுக்கத் தேவையில்லை."